ஐந்து கட்டை ஆம்ப்ளிபயர்

எங்கள் வீட்டு ரேடியோ நாலு வருஷமாக ஊமை. பிறவி ஊமை இல்லை. எங்கள் வீட்டுக்காரர்தான் அதை ஊமையாக்கினார். குடைக்காம்பால் ஒரே குத்து. முன்பக்கத் துணி கிழிந்து, உள்ளே இருந்த ஸ்பீக்கர் கிழிந்து, கொஞ்சம் புகைந்து அடங்கிப் போயிற்று. அன்றைக்கே அதைத் தூக்கித் தெருவில் எறிந்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். எறியவில்லை. எறிய மனசு வராத மனுஷர் எதற்குக் குத்த வேண்டும்? கேட்டால் என்மேல் பாய்வார். அதனால் கேட்காமல், வெள்ளிக்கிழமைதோறும் அதன் தலையில் படிந்த தூசியை மட்டும் துடைத்துவந்தேன்.

குத்தியது ரேடியோமேல் உள்ள கோபத்தில் இல்லை. அமராவதிமேல் உள்ள கோபத்தில். எங்களுக்கு ஒரே மகள். இவர் புதுக்கோட்டைக் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. சங்கீதம் இவருக்குத் தொழில் இல்லை, பைத்தியம். குழம்பில் உப்பில்லாவிட்டால்கூடப் பொறுத்துக்கொள்வார். மகளுக்குப் பாட்டு வாத்தியார் ஒரு நாள் வராவிட்டால் பொறுக்கமாட்டார். விடியக்காலையில் சுருதிப்பெட்டியை மடியில் வைத்து இவர் துருத்தியை அமுக்க, அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்து பாடுவாள். பாடுகிறவர்களுக்கு ஆளுக்கொரு சுருதி உண்டு. குரல் எந்த உயரத்தில் நிம்மதியாக நிற்குமோ அது. அதைக் கட்டை என்ற கணக்கில் சொல்வார்கள். அமராவதிக்கு ஐந்து கட்டை. அதற்கென்றே சொல்லிச் செய்து வாங்கிய பெட்டி அது.

மேல்பாடம் படிக்கத் திருச்சிக்கு அனுப்பினார். போன இடத்தில் வயலின் வாசிக்கிற நாகராசு என்ற பையனை அவளுக்குப் பிடித்துப் போயிற்று. வேறு சாதி. வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணத்தை முடித்துக்கொண்டாள். சேதி வந்த சாயங்காலம் ரேடியோவில் யாரோ ஒரு அம்மாள் பாடிக்கொண்டிருந்தார். இவர் கையில் குடை இருந்தது. அவ்வளவுதான்.

அதோடு விட்டாரா? நேரே பல்லவன் குளத்துக்குப் போய், கட்டியிருந்த வேட்டியோடு இறங்கி, செத்தவர்களுக்கு முழுகுவதுபோல முழுகிவிட்டு, சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்றார்.

"எனக்கு மக இல்ல. தலை முழுகிட்டேன். அவ குரல் இந்த வீட்டுக்குள்ள கேக்கக் கூடாது."

மற்ற ஆம்பளைகள் கோபத்தில் சொன்னதை மறுநாள் காப்பி குடிக்கும்போது மறந்துவிடுவார்கள். இவர் குமாஸ்தா. வாயிலிருந்து வந்துவிட்டால் ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்துப் போட்டது மாதிரி. அவள் போட்ட கடுதாசிகளைப் பிரிக்காமலே திருப்பியனுப்பச் சொல்லித் தபால்காரருக்கு உத்தரவு. சுருதிப்பெட்டியை அடுப்பில் வைக்கச் சொன்னார். நான் வைத்துவிட்டேன் என்று சொல்லிப் பரண்மேல் பழைய சாக்குக்குள் சுருட்டி வைத்தேன். பெற்றவள் நான். இவர் போட்ட முழுக்கில் எனக்கும் சேர்த்தா முழுகினார்? நாலு வருஷம் நான் என் மகள் எப்படி இருக்கிறாள் என்றுகூடத் தெரியாமல் வயிறு எரிந்துகொண்டு கிடந்தேன்.

போன ஆவணியில் ஒரு நாள் திருக்கோகர்ணம் கோவிலில் வக்கீல் வீட்டு அம்மாளைப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உன் மகள் அடுத்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்குத் திருச்சி வானொலியில் பாடுகிறாளாம், முதல் தடவையாம், எங்கள் வீட்டுக்கு வந்துவிடு, சேர்ந்து கேட்கலாம் என்றார். பிரகாரத்தில் நின்றபடி எனக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. ஆனால் போகிறேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. என் மகள் குரலை நான் இன்னொருத்தர் வீட்டுக் கூடத்தில், தூண் ஓரமாக, நாலு பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, உட்கார்ந்து கேட்க வேண்டுமா? என் தலையெழுத்தா? கேட்டால் என் வீட்டில்தான் கேட்பேன் என்று அம்பாள் முன்னால் நின்று பிடிவாதமாக நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் இவர் ஸ்டூல்மேல் ஏறி அலமாரி உச்சியில் எதையோ தேடுகிறார். என்னைப் பார்த்ததும் திருடன் மாதிரி விழித்தார். கையில் ஒரு தோல்பெட்டி.

அந்தப் பெட்டி என் தம்பி சந்தனம் பினாங்கிலிருந்து வந்தபோது கொடுத்தது. உள்ளே ஒரு ஹெட்போன். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் வாங்கினானாம். ஜெர்மனியில் செய்தது, இரண்டு காதுக்கும் மெத்தை வைத்து, நடுவில் தோல்பட்டை போட்டு, பார்க்கவே கம்பீரமாக இருக்கும். ரேடியோ ஸ்பீக்கர்தான் போய்விட்டதே, அத்தான் இதில் கேட்கட்டும் என்று ஆசையாகக் கொண்டுவந்தான். இவர் அப்போது, எனக்கென்ன காது செவிடா என்று அவனைக் கடித்துவிட்டுத் தூக்கி அலமாரிமேல் வைத்தவர். இப்போது அதைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

எதற்கு இது என்றேன். நியூஸ் கேட்கவாம். பேப்பரை வரிவிடாமல் படிக்கிற மனுஷருக்கு இத்தனை வருஷம் இல்லாத நியூஸ் இப்போது எங்கிருந்து வந்தது? கோர்ட்டிலும் யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கிவிட்டது. எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். நான் உள்ளே போய் அரிசி களைந்தேன். களைந்த அரிசியையே திரும்பக் களைந்தேன்.

மறுநாள் கீழராஜ வீதியில் ரேடியோ கடை வைத்திருக்கிற உமர் பாரூக் வந்தான். சவுண்டு சர்வீசும் அவனுடையதுதான். வாய் ஓயாத பையன். அவன் லைசென்ஸ் விஷயத்தில் இவர் ஏதோ உதவி செய்திருந்ததால் கூப்பிட்ட குரலுக்கு வருவான். ரேடியோவின் முதுகைக் கழற்றிப் பார்த்துவிட்டு, ஸ்டேஷனைப் பிடிக்கிற பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது, சத்தத்தைப் பெரிதாக்குகிற பக்கம்தான் வெந்துபோயிற்று, ஆகவே வெளியே தனியாக ஒரு வால்வு ஆம்ப்ளிபயர் வைத்து அதில் ஹெட்போனை மாட்ட வேண்டும் என்றான். ஆனால் கண்ட ஆம்ப்ளிபயரையும் வைக்க முடியாதாம்.

"பொருத்தம் பாக்கணும் ஐயா. ஹெட்போன் நல்ல எடத்துப் பொண்ணு மாதிரி. அதுக்குத் தக்கன ஆம்ப்ளிபயராப் பாத்துத்தான் சேக்கணும். பொருத்தம் பாக்காமச் சேத்தா ரெண்டுல ஒண்ணு கெட்டுப் போயிரும்."

அவன் வெள்ளந்தியாகத்தான் சொன்னான். இவர் முகம் சுண்டிப் போயிற்று. எனக்கோ உள்ளுக்குள் சிரிப்பு ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். நான் காப்பி கொண்டுவருகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

முதலில் ஒரு ஆம்ப்ளிபயரைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். கோவில் திருவிழாவுக்கு வைப்பது. பனைமரத்தில் நாலு குழாயைக் கட்டினால் பக்கத்து ஊரில் படுத்திருப்பவர்கள் எழுந்து உட்கார்வார்களாம். வால்வுகள் ஒவ்வொன்றும் கத்தரிக்காய் அளவுக்கு இருந்தன. கிட்டே போனால் அடுப்படிச் சூடு. இவருக்கு ஒரே பெருமை. பெரிதாக இருந்தால் நல்லதாகத்தான் இருக்கும் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். உமர் பாரூக் குமிழைக் கொஞ்சம்போலத் திருகினான். இவர் "ஐயோ" என்று நாற்காலியோடு பின்னால் போனார். காதுக்குள் உறுமி அடித்த மாதிரி இருந்ததாம். அன்று இரவு முழுக்க நான் எது கேட்டாலும் "ஆங்?" என்றுதான் பதில். எனக்குக் கோபத்திலும் பயம் வந்துவிட்டது. வியாழக்கிழமைக்குள் இந்த மனுஷர் காதைப் போக்கிக்கொண்டால் என்ன செய்வது?

அடுத்ததாக ஒன்று வந்தது. அது சீமைச் சரக்கு. யாரோ ஒரு எஸ்டேட்காரர் விற்றதாம். அளவாக, அழகாக, கறுப்புப் பெட்டி. ஹெட்போன் மாட்ட ஒரு துளை, ஸ்பீக்கர் மாட்ட ஒரு துளை, இரண்டும் இருந்தன. எனக்கு அந்த இரண்டாவது துளைமேல்தான் கண். உமர் பாரூக்கைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டு, தம்பி, இதில் ஒரு ஸ்பீக்கரை மாட்டினால் கூடத்தில் இருக்கிறவர்களும் கேட்கலாமா என்றேன். தாராளமாகக் கேட்கலாம், ஸ்பீக்கர் நானே தருகிறேன் என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு நாள் வீட்டுக்குள் நிலைகொள்ளாமல் சுற்றிவந்தேன். வாசலைப் பெருக்கினேன், பெருக்கின வாசலையே மறுபடி பெருக்கினேன்.

இவர் அந்த இரண்டு நாளும் சாயங்காலமானால் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். யாராவது பாடும்போது மட்டுமல்ல, ஸ்டேஷனே இல்லாத இடத்தில் முள்ளை வைத்துவிட்டும் கண்ணை மூடிக் கேட்டார். கடைசியில் கழற்றி வைத்துவிட்டு வேண்டாம் என்றார்.

உமர் பாரூக்குக்கே பொறுக்கவில்லை. இதற்கு என்ன குறை ஐயா, ஒரு பிசிறு இருக்கிறதா என்று கேட்டான். பிசிறு இல்லாததுதான் குறையாம். சத்தமே இல்லாமல் இருக்கிறதாம், எழவு முடிந்த வீடு மாதிரி. அவன் போகட்டும் என்று காத்திருந்து நான் பிடித்துக்கொண்டேன். குறை அது இல்லை, ஸ்பீக்கர் துளை இருக்கிறதே அதுதான் குறை, எனக்குக் கேட்டுவிடக் கூடாது என்றுதானே வேண்டாம் என்கிறீர்கள் என்றேன். என்ன உளறுகிறாய் என்றார்.

"நானா ஒளறுறேன்? வியாழக்கிழமை யாரு பாடுறான்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சீங்களா? அவ குரல் இந்த வீட்டுக்குள்ள கேக்கக் கூடாதுன்னு சொன்னது யாருங்க?"

இவர் அசையவில்லை. குமாஸ்தா அல்லவா, பதிலைத் தயாராக வைத்திருந்தார்.

"வீட்டுக்குள்ள கேட்டாத்தானே? இது என் காதுக்குள்ள கேக்குறது."

அடப்பாவி மனுஷா. நாலு வருஷமாக யோசித்து இந்தச் சந்துபொந்தையா கண்டுபிடித்தீர்? அப்ப எனக்கு என்றேன். ஒனக்கென்ன என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கறுப்புப் பெட்டியைத் தூக்கி அவர் காலில் போட்டிருப்பேன். இரவல் பொருளாயிற்றே என்று விட்டேன். அன்று ராத்திரி சோறு போட்டேன், பேச்சுக் கொடுக்கவில்லை. வக்கீல் வீட்டுக்கே போய்விடுவது, தூண் ஓரம் என்ன, வாசல்படி என்றாலும் சரி என்று முடிவு செய்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை உமர் பாரூக் ஒரு சின்னப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். அவனே கடையில் உட்கார்ந்து பூட்டியதாம். தகரப் பெட்டி, மேலே இரண்டே வால்வு, காதுக்கு மட்டும்தான். ஸ்பீக்கருக்கு வழியே இல்லை. கொண்டுவந்தவனுக்கே அதன்மேல் நம்பிக்கை இல்லை. மாட்டிப் பார்த்தால் பாட்டுக்குப் பின்னால் ஊங் என்று ஒரு முனகல். கரண்டு முனகுகிறது ஐயா, உள்ளே ஒரு கண்டென்சர் வலு இல்லை, நாளைக்கு மாற்றிக் கொண்டுவருகிறேன் என்று கழற்றப் போனான். ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த இவர் சட்டென்று அவன் கையைப் பிடித்தார்.

"கைய வைக்காத. இது இருக்கட்டும்."

அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். நல்லதை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, முனகுகிறதை ஒரு மனுஷர் வேண்டும் என்கிறார் என்றால் அது பெண்டாட்டிமேல் உள்ள வன்மம் தவிர வேறு என்ன? அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன்.

புதன்கிழமை இவர் கோர்ட்டுக்குப் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வக்கீல் வீட்டம்மாளிடம் வருகிறேன் என்று சொல்லப் புறப்பட்டேன். தெருமுனை வரை போய்விட்டு, ஏதோ பிடித்து இழுத்தது போல் திரும்பிவந்தேன். கூடத்தில் அந்தத் தகரப் பெட்டி மேசைமேல் இருந்தது. அப்படி என்னதான் இருக்கிறது இந்த மூதேவியில் என்று சுவிட்சைப் போட்டேன். ரேடியோவைப் போடவில்லை, பெட்டியை மட்டும்தான். வால்வுகள் மெல்லச் சிவந்தன. ஹெட்போனை எடுத்துக் கொண்டைக்கு மேலே மாட்டிக்கொண்டேன்.

ஊங் என்று ஒரே சத்தம். ஏறாமல் இறங்காமல் நிற்கிற சத்தம். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் எரிச்சலை விட்டுவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டேன். இந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். அடுப்படியில் விறகைத் தள்ளிக்கொண்டே, விடியக்காலைதோறும், பத்துப் பன்னிரண்டு வருஷம் கேட்டிருக்கிறேன். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஏணியைப் போட்டுப் பரண்மேல் ஏறினேன். சாக்கைப் பிரித்துச் சுருதிப்பெட்டியை இறக்கினேன். ஹெட்போனைத் திரும்ப மாட்டி, ஒரு காதை மட்டும் விலக்கிவிட்டுக்கொண்டேன். துருத்தி ஓரத்தில் எலி கடித்திருந்தது. கிழிசலைக் கையால் பொத்திக்கொண்டு அமுக்கினேன். அது மூச்சுத் திணறி, பிறகு நின்றது. ஐந்து கட்டை.

ஒரு காதில் பெட்டியின் முனகல், மறுகாதில் சுருதிப்பெட்டி. இரண்டும் ஒன்று. மயிரிழை வித்தியாசம் இருந்திருக்கலாம், என் காதுக்குத் தெரியவில்லை. கரண்டு ஆபீஸ்காரர்களுக்குத் தெரியாமலே கரண்டு என் மகள் சுருதியில் முனகிக்கொண்டிருக்கிறது. இதைத்தான் இந்த மனுஷர் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் முள்ளை வைத்துத் தேடியிருக்கிறார். நான் சுருதிப்பெட்டியைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். இவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வக்கீல் வீட்டுக்குப் போகிற எண்ணம் போய்விட்டது. என் காதுக்குக் கேட்காவிட்டால் போகட்டும். இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அதில் தெரிகிறது தெரியட்டும் என்று தீர்மானித்தேன்.

வியாழக்கிழமை. இவர் நாலு மணிக்கே கோர்ட்டிலிருந்து வந்துவிட்டார். வாசல் கதவைச் சாத்தினார், தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். புழுங்குகிறது என்று ஜன்னலை மறுபடி திறந்தார். முகம் கழுவினார். ஐந்து மணிக்கு ஒரு தடவை பெட்டியைப் போட்டு அணைத்தார். கரண்டு போய்விடுமோ என்று விளக்கைப் போட்டுப் பார்த்தார். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. உளுந்தை முறத்தில் போட்டுக்கொண்டு கூடத்து வாசற்படியில் உட்கார்ந்து, கல்லை விட்டுவிட்டு உளுந்தைப் பொறுக்கி வெளியே போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆறரைக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். எனக்கு ஈ பறக்கிற அளவுக்குக்கூட எதுவும் கேட்கவில்லை. பேரைச் சொன்னார்கள் போலிருக்கிறது, இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கை தொடைமேல் தாளத்துக்குத் தயாராக வந்தது. பாடுகிறாள். என் மகள் பாடுகிறாள், நாலு முழம் தள்ளி, இந்த மனுஷர் தலைக்குள்.

தாளத்துக்குப் போன கை பாதியில் நின்றது. இவர் புருவத்தைச் சுளித்தார். குமிழைத் திருகினார். ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"சேரலையே!"

கத்தினார் என்றுதான் சொல்ல வேண்டும். காதை அடைத்துக்கொண்டவர்களுக்குத் தாங்கள் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று தெரியாது. எதிர்வீட்டுச் செவந்தி ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றுவிட்டாள். இவர் அவளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"சுருதி சேரலையே! அரைக் கட்டை எறக்கிப் பாடுறாளே! ஏ பிரகதா, அவளுக்கு ஒடம்புக்கு என்னமோடி!"

அவர் கூப்பிட்டது என்னைத்தான். முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்து கிட்டே போனேன். பெட்டி ஐந்து கட்டையில் முனகிக்கொண்டிருக்க, அவள் அதற்குக் கீழே நின்று பாடினால் இரண்டும் காதுக்குள் மோதிக்கொண்டுதானே இருக்கும்? அவள் இறங்கிப் பாடுகிறவள் இல்லை. சளிப் பிடித்திருந்தாலும் ஐந்து கட்டைக்கு ஏறி நிற்கிற பிள்ளை. இவருக்கு வேர்த்து வழிந்தது. கையை நீட்டி, எதிரே உட்கார்ந்திருப்பவளை அடக்குவதுபோல் காற்றில் அமர்த்தினார்.

"மூச்சு வாங்குது... பொறு ஆத்தா. பொறு. அவசரம் ஒண்ணுமில்ல ஆத்தா, நிதானமாப் பாடு. நான் இருக்கேன்ல."

தெருவே கேட்டது. தலை முழுகினவர் பேசுகிற பேச்சை ஜன்னலில் நின்ற செவந்தி கேட்டாள், அவள் பின்னால் வந்து நின்ற இரண்டு பேர் கேட்டார்கள். கதவைச் சாத்தி, ஸ்பீக்கரை வேண்டாம் என்று சொல்லி, காதுக்கு மட்டும் என்று பார்த்துப் பார்த்து வாங்கிய மனுஷர், சபை நடுவில் உட்கார்ந்திருப்பவர்போல மகளோடு பேசிக்கொண்டிருந்தார்.

சட்டென்று ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினார். நீ கேட்டுச் சொல்லு, காய்ச்சலா, நெஞ்சில் சளியா, அந்தப் பயல் சோறு போடாமல் வைத்திருக்கிறானா என்று கேட்டது பாதி காதில் விழுந்தது, பாதி அவர் உதட்டில் தெரிந்தது.

பெட்டியின் முனகல் ஒரு பக்கம் இழுத்தது, அவள் குரல் ஒரு பக்கம் இழுத்தது. நடுவில் வயலின். கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. அமராவதி, அமராவதி என்று அதுவே மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மூச்சு கேட்டது. அந்த ஜெர்மனிக்காரன் செய்த கருவி லேசுப்பட்டது இல்லை. அவள் உதட்டைப் பிரிப்பதுகூடக் கேட்டது. ஒரு அடியை ஒரே மூச்சில் இழுப்பவள், இப்போது பாதியில் நிறுத்தி எடுக்கிறாள். எடுத்த மூச்சும் கீழே இறங்காமல் நெஞ்சோடு நின்று திரும்புகிறது. ஆனால் குரலில் நோவு இல்லை. குரல் நன்றாகக் கனத்து, நிறைந்து இருந்தது. சீக்காளிக் குரல் அப்படி இருக்காது. கீழே இறங்க இடமில்லாமல் திரும்புகிற அந்த மூச்சு எனக்குத் தெரியும். கிணற்றடியில் ஒரு வாளி இறைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அப்படித்தான் நான் நின்று நின்று மூச்சு வாங்கியிருக்கிறேன். அவளை வயிற்றில் வைத்துக்கொண்டு.

இவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் ஒரு காதை மட்டும் விலக்கினேன்.

"காச்சலுமில்ல, சளியுமில்ல. ஒங்க மக மாசமா இருக்காங்க. ஏழு மாசம் இருக்கும்."

இவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த துண்டை மடித்தார், பிரித்தார். ஜன்னலில் நிற்கிறவர்களை அப்போதுதான் பார்த்தார். பார்த்தும் எழுந்து சாத்தவில்லை. நான் ஹெட்போனைக் கழற்றிப் பாயில் வைத்தேன். எனக்கு இதற்குமேல் பயம் இல்லை. இன்னொரு தடவை குளத்துக்குப் போகிறேன் என்று கிளம்பினால் நானும் கூடவே போய் இந்த மனுஷரையே முழுகிவிட்டு வருவது என்று இருந்தேன்.

பிறகு, கட்சிக்காரர்களிடம் விசாரிக்கிற அந்தக் கோர்ட்டுக் குரலில், தலைப்பிரசவம் யார் வீட்டில் பார்ப்பது வழக்கம் என்று கேட்டார். இது தெரியாதவரா இவர்? பெற்ற ஆத்தா வீட்டில்தான், வளையல் போட்டு அழைத்து வருவதும் நம் வீட்டு முறைதான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். மறுபடி துண்டை மடித்தார்.

"நான் மகளைத்தானே தலை முழுகினேன்?"

"ஆமாங்க."

"பேரப்பிள்ளைய முழுகலையே."

"இல்லைங்க. முழுகலை."

"அது தன்னால வராதுல்ல?"

"எப்படிங்க வரும்? அதுக்குக் காலா இருக்கு?"

"அப்ப அவதான் சொமந்துக்கிட்டு வரணும்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கினார். நான் அவர் முதுகில் கையை வைத்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், தெரு பார்க்க நான் அவரைத் தொட்டது அன்றைக்குத்தான்.

பாட்டு எப்போது முடிந்தது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. பாயில் கிடந்த ஹெட்போனில் யாரோ சந்தை நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தான். இவர் எழுந்து, திருச்சிக்கு ஏழரை மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது, ரேடியோ ஸ்டேஷனில் விசாரித்தால் வீட்டைச் சொல்வார்கள் என்று சட்டையைத் தேட ஆரம்பித்தார். காலையில் போகலாம் என்று நான் சொல்லவில்லை. செவந்தியிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, என்னிடம் இருந்த நல்ல சேலையாகப் பார்த்து உடுத்திக்கொண்டேன்.